மேட்டு வீடு, நான்காம் முறை

சனி இரவு நாற்பத்தெட்டுக்கு மூன்று என்று தோற்றோம்.
ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கோச்சை அனுப்பிவிட்டார்கள்.
ஒன்பது நாற்பதுக்கு என் போன் அடித்தது.
"வெர்லீன், வீட்டை மறுபடி விற்கணும்."
அவர் மனைவி. அழவில்லை.
பின்னால் டிஷ்வாஷர் ஓடும் சத்தம்.

மேட்டு வீட்டை மூன்று முறை விற்றிருக்கிறேன்.
முதல் கோச் நீச்சல் குளம் வெட்டினார்.
அடுத்தவர் பிள்ளை விழுந்துவிடும் என்று
மண் அடித்துப் புல் போட்டார்.
மூன்றாமவர் புல்லைப் பெயர்த்து
அதே இடத்தில் மறுபடி வெட்டினார்.
எறிந்து ஆடு, ஓடி ஆடு, மறுபடி எறிந்து ஆடு:
அந்த நீள்வட்டப் பந்துக்கும்
இதே கதிதான் இங்கே.

திங்கள். ஹோயிட்டின் டயர் கடை.
நாற்காலி ஆறு, ஆட்கள் பதினொன்று.
அதில் டயரில் ஆணி ஏறி வந்தவள்
நான் ஒருத்தி.

"டக்கோட்டாக்காரன் ட்வெயிட்," என்றான் ஹோயிட்,
"நாலு வருஷத்தில் அஞ்சே தோல்வி."
"பனியில் ஜெயித்தவன்," மருந்துக்கடை ஓர்வில்,
"ஆர்கன்சாவில் ஆகஸ்டில் தார் உருகும்.
அவன் கூப்பிட்டு எந்த ஹூஸ்டன் பையன் வருவான்?"
"சரி, விட்லாட்ச்?
அவன் வகுக்கும் தற்காப்பில் எலி நுழையாது."
"தலைமை தாங்கியதே இல்லையே."
"தாங்க விட்டால்தானே தெரியும்!"
எல்லாரும் தலையாட்டினார்கள்.

"ப்ரூடோம்" என்று யாரோ முணுமுணுக்க
ஒரு கணம் காற்றடிக்கும் மெஷின் மட்டும் பேசியது.
இரண்டு கல்லூரியில் கோப்பை,
இரண்டிலும் விசாரணை.
ஞாயிறு பள்ளி நடத்தும் லுவெல்லா கிரிம்ஸ்லி
சர்க்கரைப் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தபடி சொன்னாள்:
"மனந்திரும்பியிருக்கலாம்.
திரும்பியவன் ஒன்பது ஆட்டம் ஜெயித்தால்
கர்த்தருக்கு என்ன ஆட்சேபம்?"

ஓர்வில் போனில் ஒரு விமானத்தைத் துரத்திக்கொண்டிருந்தார்.
மர ஆலை முதலாளியின் விமானம்.
"ஃபார்கோவில் இறங்கிட்டான்!"
கடை அதிர்ந்தது. ட்வெயிட்தான், முடிந்தது.
"அவர் மச்சினி வீடு அங்கேதானே"
என்றாள் லுவெல்லா.
மறுபடி முதலிலிருந்து.

ஊர் ரெண்டுபட்டால்
வீடு விற்பவளுக்கு ஆறு சதவீதம்.
வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கோர்ட்டெஸ் ஹாட்லி பெயர் கடைசியில்தான் வந்தது.
நம்ம ஊர்க்காரன், நம்ம குவார்ட்டர்பேக்,
விரல் முறிந்த கையோடு
மழையில் எண்பது கெஜம் அணியை இழுத்துப் போனவன்.
"நல்ல பையன். இன்னும் காலமிருக்கு."
பையனுக்கு வயது நாற்பத்துமூன்று.
ட்வெயிட்டுக்கு முப்பத்தாறு.
தாங்க விட்டால்தானே தெரியும் என்ற நியாயம்
கடைக்குள்ளேதான் இருந்தது,
யாரும் அதை எடுத்து இந்தப் பக்கம் நகர்த்தவில்லை.
என் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த ஜமாரியஸ்
ஸ்பேனரைக் கீழே வைத்தான்.
எதுவும் சொல்லவில்லை.
மறுபடி எடுத்தான்.

ஆறு வருஷம் முன்பு, இப்படி ஒரு டிசம்பரில்,
ஹாட்லியும் மனைவியும் மேட்டு வீட்டைப் பார்க்க வந்தார்கள்.
குளத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.
மாடி ஜன்னலில் நின்று
மைதானத்து விளக்குக் கம்பங்களை எண்ணினார்.
"முடிவாகட்டும்" என்றார்.
முடிவாயிற்று.
"அடுத்த முறை" என்று சொன்னவள்
நான்தான், அக்கறையான குரலில்.

மதியம் பலகையோடு மேடேறினேன்.
வேலை செய்யாதிருக்க எழுபது லட்சம் டாலர் பெறப்போகிறவர்
குளத்தில் வலை போட்டு
ஓக் இலைகளை அள்ளிக்கொண்டிருந்தார்.
சட்டையில் எந்த அணியின் பெயரும் இல்லை.
"யார் யாரைச் சொல்றாங்க?"
சொன்னேன்.
"ஹாட்லி?"
"அவரையும் சொன்னாங்க."
"எத்தனையாவதா?"
வலையை உதறினார்.
ஈர இலைகள் புல்லில் விழுந்தன.

வாசலில் பலகையை ஊன்றினேன்.
பழைய குழியிலேயே இறங்கியது.
சுத்தியல் தேவைப்படவில்லை.